பிரித்தானியாவில் கௌரவக் கொடுமை: அடையாளம் காண்பதும் உதவி பெறுவதும், படிப்படியாக

இதை வாசிக்கும் இந்த நேரத்திலேயே உங்கள் உயிருக்கு ஆபத்து என்றால் மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம். உடனே 999ஐ அழையுங்கள். பக்கத்தில் ஆள் நிற்பதால் வாய் திறக்க முடியவில்லையா? கைபேசியில் 999ஐ அழைத்து, எதிர்முனையில் கேட்பவருக்கு இருமியோ போனைத் தட்டியோ பதில் கொடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால், அவர் சொல்லும்போது 55ஐ அழுத்துங்கள். அழைப்பு பொலிஸுக்கு மாற்றப்படும். 55 கைபேசியில் மட்டும்தான் வேலை செய்யும். அதை அழுத்தியவுடன் நீங்கள் நிற்கும் இடம் தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். இணைப்பைத் துண்டிக்காமல், அடுத்து வரும் கேள்விகளுக்கும் முடிந்தவரை பதில் கொடுங்கள்.

உங்கள் போனை வீட்டில் வேறு யாரும் எடுத்துப் பார்ப்பார்கள் என்றால், இதை நூலகக் கணினியிலோ நம்பிக்கையான ஒருவருடைய போனிலோ வாசியுங்கள். தேடல் வரலாற்றை ஒட்டுமொத்தமாக அழித்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். இது தொடர்பானதை மட்டும் அழியுங்கள்.

இது வழமையான வீட்டு வன்முறையிலிருந்து எங்கே வேறுபடுகிறது

குடிபோதையில் அடிக்கும் கணவன் என்றால், பெரும்பாலும் ஆபத்து ஒரே ஆளிடமிருந்து வருகிறது. அம்மா வீட்டுக்கு ஓடலாம், அண்ணனிடம் சொல்லலாம். கௌரவக் கொடுமை என்பது குடும்ப மானத்தின் பெயரால் குடும்பமும் சமூகமும் சேர்ந்து செய்யும் கொடுமை. அதில் அந்த அம்மா வீடும் அண்ணனும்கூட எதிர்ப்பக்கத்தில் நிற்கக்கூடும். அப்பா முடிவெடுப்பார், சித்தப்பா தூண்டிவிடுவார், அண்ணன் பின்தொடர்வான், மாமி போனைப் பார்ப்பார், ஊரிலிருக்கும் பெரியப்பா வாட்ஸ்அப்பில் ஆணை போடுவார். எல்லோரும் சேர்ந்து ஒரே காரணத்தைச் சொல்வார்கள்: குடும்ப மானம். "சனம் என்ன கதைக்கும்?"

காரணம் பெரும்பாலும் ஒரு சின்ன விஷயத்தில்தான் தொடங்கும். வேறு சாதிப் பையனோடு அல்லது வேறு மதத்தவரோடு பழக்கம், பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றது, மணமுறிவு கேட்டது, உடுப்பு, ஒரு புகைப்படம், ஒருபாலீர்ப்பு என்று தெரியவந்தது, சில வேளை வெறும் வதந்தி. நடந்தது என்ன என்பதை விட, வெளியே என்ன பரவியது என்பதுதான் அங்கே கணக்கு.

பனாஸ் மஹ்மூத் என்ற இருபது வயதுப் பெண்ணின் வழக்கை இந்த நாட்டில் இந்தத் துறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். தெற்கு லண்டன் மிட்சத்தில் வாழ்ந்த ஈராக்கியக் குர்து குடும்பத்துப் பெண். கொடுமையான திருமணத்தை விட்டு வந்து, குடும்பம் ஏற்காத ஒருவரைக் காதலித்தார். 2005இன் கடைசி மாதங்களில் திரும்பத் திரும்பப் பொலிஸிடம் போனார். தன்னைக் கொல்லத் திட்டமிடுபவர்களின் பெயர்களை எழுதியே கொடுத்தார். அந்த ஆண்டின் கடைசி நாளில் தந்தையிடமிருந்து தப்ப யன்னலை உடைத்துக்கொண்டு ஓடினார். அன்று வந்த அதிகாரி அவரை நம்பவில்லை. 2006 ஜனவரியில் கொல்லப்பட்டார். தந்தைக்கும் சித்தப்பாவுக்கும் 2007இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஈராக்குக்குத் தப்பியோடிய இரண்டு உறவினர்கள் பின்னர் திருப்பிக் கொண்டுவரப்பட்டுத் தண்டிக்கப்பட்டார்கள்.

இந்த வழக்கை இங்கே எடுத்தது ஒரு காரணத்துக்காக. தனக்கு என்ன நடக்கப் போகிறது, யார் செய்யப் போகிறார்கள் என்பது அந்தப் பெண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. உங்கள் மனது "இவர்கள் செய்வார்கள்" என்று சொன்னால், அதை யாரும் மிகை என்று தள்ளிவிட விடாதீர்கள். நீங்களும் தள்ளிவிடாதீர்கள்.

படி 1: அறிகுறிகளைப் பாருங்கள்

அடி, உதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நடப்பதுதான் கண்ணில் படாமல் போகும். பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் யாராவது கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது. போனின் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது. சம்பளம் அப்பாவின் கணக்குக்குப் போவது. டொக்டரிடம் போனால் மாமியும் உள்ளே வந்து உட்கார்ந்து உங்களுக்குப் பதிலாகப் பேசுவது. பஸ் அட்டையில் எத்தனை மணிக்கு எங்கே ஏறினீர்கள் என்று தம்பி பார்ப்பது. இவை ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் "பாசம்", "கவனம்" என்று சொல்லிவிடலாம். சேர்த்துப் பார்த்தால்தான் அது காவல் என்று புரியும்.

அடுத்தது மனதை நெருக்குவது. "நீ இப்படிச் செய்தால் தங்கச்சிக்கு இனி ஆர் கலியாணம் பேசி வருவினம்?" "நான் மருந்து குடிச்சுச் செத்துப் போவன்." அம்மா அழுதுகொண்டே சொன்னாலும் இது மிரட்டல்தான். திருமணத்துக்குச் சம்மதிக்க வைக்க இப்படி உணர்ச்சியால் நெருக்குவதையும் சட்டம் வற்புறுத்தலாகவே பார்க்கிறது.

பேசிச் செய்யும் திருமணம் வேறு, கட்டாயத் திருமணம் வேறு. குறிப்புப் பார்த்து, பையனைக் காட்டி, "உனக்குப் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டு, "இல்லை" என்று சொன்னால் அத்தோடு பேச்சை விடுகிறார்கள் என்றால் அது பேசிச் செய்யும் திருமணம். இல்லை என்று சொன்ன பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் சோதனை.

உடனே அசைய வேண்டிய அறிகுறிகள் இவை:

- திடீரென்று ஊருக்குப் போகும் பேச்சு. "அம்மம்மா கடுமையா இருக்கிறா, கடைசியா ஒருக்கா வந்து பார்." திரும்பி வரும் டிக்கெட் இல்லை, அல்லது அதை உங்களுக்குக் காட்டவில்லை.
- பாஸ்போட்டைப் "புதுப்பிக்க" என்று வாங்கிக்கொண்டு திருப்பித் தராதது.
- நீங்கள் அறைக்குள் வந்ததும் நின்றுபோகும் குடும்பக் கூட்டம்.
- பல நாள் சண்டைக்குப் பிறகு எல்லோரும் ஒரேயடியாக அன்பாக மாறுவது.
- கொலை மிரட்டல், அல்லது நீங்களே தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்று தூண்டுவது.

பெண்களுக்கு மட்டும் நடப்பதாக நினைக்க வேண்டாம். பிரித்தானிய அரசின் கட்டாயத் திருமணப் பிரிவு கையாளும் வழக்குகளில் ஐந்தில் ஒன்று அல்லது அதற்கும் மேல் ஆண்களுடையது. தங்கையைக் கண்காணிக்கச் சொல்லி நெருக்கப்படும் தம்பிமார், அதைச் செய்ய மறுத்து அடி வாங்கும் அண்ணன்மார் இவர்களுக்கும் கீழே உள்ளவை பொருந்தும்.

படி 2: யாரிடம் சொல்லக் கூடாது என்பதை முதலில் தீர்மானியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் மனதில் வைத்திருக்க முடியும் என்றால் இதை வையுங்கள். எங்கள் வழக்கம், பிரச்சினை என்றால் ஒரு பெரியவரைக் கூப்பிட்டுப் பேசித் தீர்ப்பது. சொத்துத் தகராறுக்கு அது சரி. இங்கே அது ஆளைக் கொல்லலாம். நீங்கள் போகப் போகிறீர்கள் என்ற செய்தி வீட்டுக்குப் போன நிமிடத்தில் ஆபத்து பல மடங்காகும். சமரசப் பேச்சு நடக்கும்போதே பெண்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்நாட்டு அதிகாரிகளுக்கான அரசு வழிகாட்டுதலே இத்தகைய வழக்குகளில் குடும்பத்தோடு சமரசம் பேச வேண்டாம் என்கிறது.

ஆகவே கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், சங்கத் தலைவர், அப்பாவின் நண்பரான தமிழ் டொக்டர், ஊரிலிருக்கும் நல்ல மாமா என்று யாராக இருந்தாலும், அவர் நல்லவரா என்று கேட்காதீர்கள். அவர் வாயிலிருந்து இன்னொருவருக்குப் போகுமா என்று கேளுங்கள். வட்டத்துக்கு வெளியே உள்ளவரிடம்தான் முதல் பேச்சு: ஆசிரியர், வேலையிடத்து மேலாளர், உங்கள் குடும்பத்தைத் தெரியாத டொக்டர் அல்லது தாதி, கீழே சொல்லும் உதவி எண்கள்.

மொழிபெயர்ப்பாளருக்கும் இதே விதி. குடும்பத்தவரோ அயலவரோ மொழிபெயர்க்கக் கூடாது. உங்கள் பகுதியைச் சேராத ஆள் வேண்டும், தொலைபேசி வழியாக வேண்டும், பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போது பெயரையும் முகவரியையும் சொல்லத் தேவையில்லை. தெரிந்த குரல் போலப் பட்டால் இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி அழையுங்கள்.

படி 3: போனைப் பாதுகாப்பாக்குங்கள்

வீட்டுக்காரருக்குத் தெரியாத புதிய மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்குங்கள். நூலகத்திலோ வேலையிடத்திலோ செய்தால் நல்லது. குடும்பப் பகிர்வு, இருப்பிடப் பகிர்வு, ஸ்னாப்சாட் வரைபடம், வேறு கணினியில் திறந்திருக்கும் வாட்ஸ்அப் இவற்றில் யார் உங்களைப் பார்க்க முடிகிறது என்று பாருங்கள். பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள். இருப்பிடம் திடீரென்று மறைந்தால் வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். கிளம்பும் நாள் வரை இருப்பது இருந்தபடியே இருக்கட்டும். முக்கியமான அழைப்புகளை வேறு போனில் செய்யுங்கள்.

மிரட்டல் செய்திகள், குரல் பதிவுகள் இருந்தால் படம் பிடித்து அந்தப் புதிய மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு போனிலிருந்து அழியுங்கள். நாள், நேரம், யார் என்ன சொன்னார் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். ஆதாரம் சேர்ப்பதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். ஆதாரம் இல்லாமலும் உதவி கிடைக்கும்.

படி 4: முதல் அழைப்பு

கௌரவக் கொடுமைக்கென்றே இருக்கும் தேசிய உதவி எண் கர்மா நிர்வாணா அமைப்பினுடையது: 0800 5999 247. வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை. இரவிலும் வார இறுதியிலும் என்றால் ரெஃப்யூஜ் அமைப்பு நடத்தும் தேசிய வீட்டு வன்முறை எண் 0808 2000 247, 24 மணி நேரமும் இலவசம். ஸ்கொட்லாந்தில் 0800 027 1234, வேல்ஸில் 0808 80 10 800, வட அயர்லாந்தில் 0808 802 1414. 19 வயதுக்கு உட்பட்டவர்கள் சைல்ட்லைன் 0800 1111ஐ அழைக்கலாம். ஆண்களுக்கு 0808 801 0327. ஒருபாலீர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்கும் கேலப் அமைப்பின் 0800 999 5428. திருமணம் பற்றிய பயம் என்றால் அரசின் கட்டாயத் திருமணப் பிரிவு 020 7008 0151. இந்தப் பிரிவை வெளிநாட்டிலிருந்து அழைத்தால் முன்னால் +44 சேர்த்து, முதல் பூச்சியத்தை விடுங்கள்.

அழைக்கும்போது என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பலர் எண்ணை எழுதி வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் இருக்கிறார்கள். பொதுவாக முதலில் இப்போது பேசுவது பாதுகாப்பா என்று கேட்பார்கள். இணைப்பு துண்டித்துப் போனால் திரும்ப அழைக்கலாமா, எந்த நேரத்தில் என்பார்கள். உண்மைப் பெயர் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்" என்று மட்டும் சொல்லிக் காத்திருங்கள். நீங்கள் எதையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்றில்லை. அழுதாலும் காத்திருப்பார்கள். வீட்டை விட்டு வா என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். நீங்கள் சொல்வது வெளியே போகாது. ஒரு பிள்ளைக்கோ உங்கள் உயிருக்கோ கடும் ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அவர்கள் பொலிஸுக்கோ சமூக சேவைக்கோ அறிவிக்க வேண்டிவரலாம். அந்த எல்லை எங்கே என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.

பேச்சு முடியும்போது ஒரு குறிச்சொல்லை ஒத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பக்கத்தில் யாரும் இருந்தால் அந்தச் சொல் போதும்.

படி 5: பொலிஸ்

அவசரமில்லை என்றால் 101, அல்லது நேரே நிலையம். முகப்பு மேசையில் எல்லோர் முன்னாலும் கதையைத் தொடங்க வேண்டாம். தனியறை கேளுங்கள். "ஹானர் பேஸ்ட் அப்யூஸ்" என்று ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள். வெறுமனே "வீட்டில் பிரச்சினை" என்றால் சாதாரணக் குடும்பச் சண்டையாகப் பதிந்துவிடலாம். அந்தச் சொற்களைக் கேட்டால் அதற்குரிய ஆபத்து மதிப்பீட்டைச் செய்ய வேண்டும். பிறகு இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: குற்றப் பதிவு எண், பொறுப்பான அதிகாரியின் பெயர், வீட்டுக்குக் கடிதமோ ஆளோ வராது என்ற உறுதி, உங்களைத் தொடர்புகொள்ளப் பாதுகாப்பான ஒரு வழி.

யார் யாரிடம் பயம் என்பதைப் பெயர்களோடு சொல்லுங்கள். எல்லோரையும் சொல்லுங்கள், வெளிநாட்டில் இருப்பவர்களையும்தான். வெளியே சொன்னால் பத்திரிகையில் வந்துவிடுமே என்ற பயமும் சிலருக்கு உண்டு. கட்டாயத் திருமணத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழ்நாள் முழுக்கத் தடை உண்டு.

ஒரு அதிகாரி சரியாகக் கேட்கவில்லை என்றால் அதோடு நின்றுவிடாதீர்கள். கர்மா நிர்வாணா போன்ற அமைப்புகளோ, 1979இலிருந்து லண்டனில் இயங்கும் சௌத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸோ உங்களுக்காகப் பேசுவார்கள். அவர்கள் பேசினால் கதவு வேறு மாதிரித் திறக்கும்.

படி 6: சட்டம் உங்கள் கையில் என்ன தருகிறது

கட்டாயத் திருமணம் செய்து வைப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 ஜூனிலிருந்து குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. 2023 பெப்ரவரி 27 முதல் அங்கே திருமண வயது 18. அதற்குக் குறைந்த பிள்ளைக்கு எந்த வடிவத்தில் திருமணம் செய்து வைத்தாலும், பதிவு இல்லாமல் தாலி மட்டும் கட்டினாலும், பிள்ளையே சம்மதித்தாலும் குற்றம்தான். கட்டுப்படுத்தி ஆள்வது 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குற்றம். 2023 ஏப்ரலிலிருந்து அது ஒரே வீட்டில் வாழாத குடும்பத்தவருக்கும் பொருந்துகிறது.

பெற்றோரைச் சிறைக்கு அனுப்ப விரும்பாத பிள்ளைகள்தான் அதிகம். அவர்களுக்கு ஏற்றது கட்டாயத் திருமணப் பாதுகாப்பு ஆணை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இது குடும்ப நீதிமன்றம் தரும் ஆணை. கட்டணம் இல்லை. நீங்களே கேட்கலாம், உள்ளூராட்சி மன்றம் உங்களுக்காகக் கேட்கலாம், நீதிமன்ற அனுமதியோடு ஒரு நண்பரோ ஆசிரியரோகூடக் கேட்கலாம். அவசரம் என்றால் குடும்பத்துக்கு முன்னறிவிப்பு இல்லாமலே கிடைக்கும். பாஸ்போட்டை ஒப்படைக்கச் சொல்லலாம், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை போடலாம், ஏற்கெனவே கொண்டுபோய்விட்டால் எங்கே என்று சொல்லவும் திருப்பிக் கொண்டுவரவும் கட்டளையிடலாம். இதைப் பெறுவதால் யாரும் குற்றவாளி ஆவதில்லை. ஆணையை மீறினால்தான் குற்றம், ஐந்து ஆண்டு வரை. ஸ்கொட்லாந்தில் இதே மாதிரியான ஆணை 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு.

படி 7: ஊருக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்றால்

பள்ளிக்கூடக் கோடை விடுமுறைக்கு முந்தைய வாரங்கள்தான் மிகக் கவலையானவை. ஆறு வாரம் பிள்ளை வராததை யாரும் கவனிக்க மாட்டார்கள். போகாமல் இருக்க முடியுமானால் போகாதீர்கள். நாட்டை விட்டு வெளியேறிய பிறகு உதவுவது மிகவும் கடினம். இலங்கைக் குடியுரிமையும் சேர்ந்து உள்ளவர் என்றால் கொழும்பிலுள்ள பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயத்தால் செய்யக்கூடியது இன்னும் குறைந்துபோகலாம்.

போகத்தான் வேண்டும் என்றால், கிளம்பும் முன் கட்டாயத் திருமணப் பிரிவிடமும் நம்பிக்கையான ஒருவரிடமும் இவற்றைக் கொடுங்கள்: பாஸ்போட்டின் படம், விமான விவரம், ஊரில் தங்கும் முகவரி, கூடப் போகிறவர்களின் பெயர், திரும்பும் தேதி. அந்தத் தேதிக்குள் தகவல் வராவிட்டால் உடனே பொலிஸுக்குச் சொல்லும்படி கேளுங்கள். பிரித்தானிய சிம் பூட்டிய சிறு போனும் கொஞ்சம் காசும் ஒளித்து வையுங்கள்.

விமான நிலையம் வரை வந்துவிட்டாலும் வாய்ப்பு இருக்கிறது. கர்மா நிர்வாணா பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வழி இது: உள்ளாடைக்குள் ஒரு உலோகக் கரண்டியை வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனையில் கருவி ஒலிக்கும். தனியறைக்குக் கூட்டிப்போய்ச் சோதிப்பார்கள். அம்மாவோ அண்ணனோ உள்ளே வர முடியாத அந்த இரண்டு நிமிடத்தில் "என்னைக் கட்டாயத் திருமணத்துக்குக் கொண்டுபோகிறார்கள்" என்று சொல்லுங்கள். கரண்டி இல்லாவிட்டாலும் சீருடையில் நிற்கும் எந்த ஊழியரிடமும் சொல்லலாம்.

படி 8: விசா உங்களைக் கட்டிப்போட்டிருந்தால்

"பொலிஸிடம் போனால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்பது கணவன் வீட்டார் கையிலிருக்கும் பெரிய ஆயுதம். துணைவர் விசாவில் வந்து கொடுமையால் உறவு முறிந்தவர்கள், அரசு உதவிப் பணம் பெறும் உரிமையோடு மூன்று மாத அனுமதி கேட்கலாம். அந்த மூன்று மாதத்துக்குள் இங்கே நிரந்தரமாகத் தங்கவும் தனியாக விண்ணப்பிக்கலாம். மூன்று மாத அனுமதி கிடைத்தால் உங்கள் பழைய விசா போய்விடும். வேலை விசாவில் அல்லது மாணவர் விசாவில் உள்ளவரைச் சார்ந்து வந்தவர்களுக்கு நிரந்தரத்துக்கான வழி அப்படித் திறந்திருக்காது. ஆகவே பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரையோ வழக்கறிஞரையோ கேட்காமல் எந்தப் படிவத்தையும் நிரப்ப வேண்டாம்.

ஊருக்குக் கூட்டிப்போய், பாஸ்போட்டைப் பறித்து, அங்கேயே விட்டுவிட்டு வரும் கணவன்மாரும் உண்டு. 2024 ஜனவரி 31 முதல், அப்படிக் கைவிடப்பட்ட துணைவர் வெளிநாட்டிலிருந்தே பிரித்தானியாவுக்குத் திரும்ப விண்ணப்பிக்கலாம்.

உங்கள் ஈவிசா (இணையத்தில் இருக்கும் விசாப் பதிவு) கணக்கு யாருடைய மின்னஞ்சலிலும் போன் எண்ணிலும் திறக்கப்பட்டது என்று பாருங்கள். கணவர் தன் எண்ணைக் கொடுத்திருந்தால் உங்கள் குடிவரவு நிலையை நீங்களே நிரூபிக்க முடியாமல் போகும். ஆலோசகரிடம் முதல் நாளே இதைச் சொல்லுங்கள்.

படி 9: வெளியேறுவது

நாளும் நேரமும் உதவி அமைப்போடு சேர்ந்து தீர்மானியுங்கள். வேலைக்கு, வகுப்புக்கு, டொக்டரிடம் என்று வழக்கமாகப் போகும் நேரமே நல்லது. பெட்டி தூக்க வேண்டாம், தோள்பை போதும். பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், வங்கி அட்டை, மருந்து, தேசியக் காப்புறுதி எண், பிள்ளைகளின் பத்திரங்கள். எடுக்க முடியாதவற்றைப் படம் பிடியுங்கள். நகையில் உங்களுடையது கையில் இருந்தால் சரி. அம்மாவின் அலுமாரியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். திருட்டுப் புகார் கொடுத்து ஆளைத் தேடவைப்பது வழமையான தந்திரம். மறந்துபோன எதற்காகவும் திரும்பிப் போகவே வேண்டாம்.

இன்னொரு தந்திரம், ஆளைக் காணவில்லை என்று பொலிஸில் முறையிடுவது. அதை முந்துங்கள். கிளம்பிய உடனே நீங்களே 101ஐ அழைத்து, சொந்த விருப்பத்தில் வந்தேன், பாதுகாப்பாக இருக்கிறேன், இருப்பிடத்தைக் குடும்பத்துக்குச் சொல்லக் கூடாது என்று பதியச் சொல்லுங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் அவர்கள் உங்கள் நலத்தை உறுதிசெய்துவிட்டு இடத்தைச் சொல்லாமல் விடுவார்கள்.

தங்குமிடத்துக்குப் பெண்கள் காப்பகங்கள் உண்டு, முகவரி இரகசியமாக இருக்கும். இங்கிலாந்தில் வீட்டு வன்முறையால் வீடிழந்தவருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எந்த ஊர்க் கவுன்சிலிலும் கேட்கலாம். தமிழர் அதிகமில்லாத ஊராகப் பாருங்கள்.

படி 10: வெளியேறிய பிறகு வரும் அழைப்பு

முதல் வாரங்களில் பயத்தை விடத் தனிமைதான் அதிகம் வாட்டும். தெரியாத ஊர், தெரியாத சமையலறை, தமிழில் ஒரு சொல் பேச ஆளில்லை. அப்போதுதான் செய்தி வரும். "அப்பா ஆஸ்பத்திரியில." "எல்லாரும் மன்னிச்சிட்டம், நீ சொன்ன பெடியனையே கட்டு, வந்து கதை." உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஆளைத் திரும்ப இழுக்கப் பயன்படுத்துவதும் இதே சொற்களைத்தான். அப்பா உண்மையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா என்று பொலிஸ் மூலமாகவோ உங்கள் உதவியாளர் மூலமாகவோ விசாரியுங்கள். தனியாகச் சந்திக்கப் போக வேண்டாம். வீட்டில் ஒரே ஒருவரோடு, தங்கையோடு மட்டும் பேசுவோம் என்று தோன்றும். அவளிடம் இடத்தைச் சொன்னால் அதைச் சொல்லவைக்க அவளை நெருக்குவார்கள். அவளுக்காகவும் சொல்லாதீர்கள்.

வங்கியை மாற்றுங்கள், டொக்டரைப் பதியும்போது முகவரியை மறைக்கச் சொல்லுங்கள், வாக்காளர் பட்டியலில் பெயர் மறைத்துப் பதியக் கேளுங்கள்.

நீங்கள் நண்பராக, ஆசிரியராக, அயலவராக இருந்தால்

இந்நாட்டில் இந்த வேலையில் இருப்பவர்கள் பின்பற்றும் விதி ஒன்று உண்டு: உதவ ஒரே ஒரு வாய்ப்புத்தான் கிடைக்கும் என்று நினைத்து நடக்க வேண்டும். வாரிங்டனில் வாழ்ந்த ஷஃபீலியா அஹமத் என்ற 17 வயது மாணவி வீட்டில் நடப்பதைத் தோழியரிடமும் ஆசிரியரிடமும் சொல்லியிருந்தார். 2003இல் கொல்லப்பட்டார். தங்கை சாட்சி சொன்ன பிறகு 2012இல் பெற்றோர் தண்டிக்கப்பட்டனர். அவர் பிறந்த ஜூலை 14, இப்படிக் கொல்லப்பட்டவர்களின் நினைவுநாளாக இங்கே அனுசரிக்கப்படுகிறது.

ஒரு பிள்ளை உங்களிடம் வாய் திறந்தால், "உன் அப்பா நல்ல மனுசன், நான் கதைக்கிறன்" என்று சொல்லாதீர்கள். பெற்றோரை அழைக்காதீர்கள், வீட்டுக்குப் போகாதீர்கள். தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், நம்புகிறேன் என்று சொல்லுங்கள். முழுப் பெயர், பிறந்த தேதி, ஊர் முகவரி, பாதுகாப்பான எண், உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு கேள்வி பதில் இவற்றை வாங்கி வையுங்கள். ஒருநாள் அவர் பெயரில் "நான் நலம், தேட வேண்டாம்" என்று செய்தி வந்தால், எழுதியது அவர்தானா என்று அந்தக் கேள்வியால் கண்டுபிடிக்கலாம். ஆசிரியர் என்றால் அன்றே பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

விடுமுறை முடிந்தும் ஒரு மாணவி வகுப்புக்குத் திரும்பவில்லை, போன் எடுக்கவில்லை, வீட்டில் கேட்டால் "ஊரில் படிக்கிறாள்" என்கிறார்கள் என்றால், உறுதியாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். 020 7008 0151ஐ நீங்களே அழைத்துச் சொல்லலாம். நீங்கள் உறவினராக இருக்க வேண்டும் என்றோ ஆதாரம் காட்ட வேண்டும் என்றோ இல்லை. அலுவலக நேரம் கடந்துவிட்டால் 020 7008 5000.